பயந்தவன் முன்னால் போகணும்

ஊட்டிப் பக்கம் போய்விட்டு வந்தேன் என்று சொன்னால் எங்கள் ஊரில் எல்லோரும் முதலில் "குளிரு எப்படி?" என்கிறார்கள். அடுத்து, "பூங்கா பாத்தியளா? போட்டிங் போனியளா?" என்கிறார்கள். பூங்கா பார்க்கவில்லை. போட்டிங் போகவில்லை. நான்கு நாளும் பயந்துகொண்டிருந்தேன். வேறு எதற்கும் நேரம் கிடைக்கவில்லை.

கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரையில் மீன் பிடிக்கிறவன் நான். பிடித்தவன் என்று சொல்வதுதான் சரி. போன வருடக் கடைசியில் அடித்த புயலில் எங்கள் வள்ளம் போயிற்று. அதில் மூன்று பேர் இருந்தோம். என்ஜின் பிடித்த மிக்கேல், என் மனைவியின் தம்பி ததேயு, நான். "பெரட்டுது! பெரட்டுது!" என்று மிக்கேல் கத்தியது காதில் விழும்போதே வள்ளம் தலைகீழ். பிடித்து மிதக்க இரண்டு காலி மண்ணெண்ணெய் கேன்கள்தான் அகப்பட்டன. மிக்கேல் இரண்டையும் எங்கள் பக்கம் தள்ளிவிட்டு, "எனக்கு வேண்டாம்ல, நான் நீந்திக்கிடுவேன்" என்றான். ஊரிலேயே தைரியசாலி அவன். மறுநாள் வேறு ஊர்க்காரர்கள் எங்கள் இருவரையும் தூக்கினார்கள். மிக்கேல் கிடைக்கவில்லை.

அடுத்த மாதமே ததேயு கிளம்பிவிட்டான். கடல் சத்தம் கேட்காத இடமாக வேண்டும் என்று சொல்லி, கூடலூருக்கு அப்பால் தேவாலாப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் மூட்டை சுமக்கப் போனான். போனையும் அணைத்து வைத்துவிட்டான்.

இந்த ஆடியில் ஊர்க் கமிட்டி, வள்ளம் இழந்தவர்களுக்குப் புதிய பைபர் வள்ளங்கள் கொடுக்க ஏற்பாடு செய்தது. நான்கு பேர் சேர்ந்த குழுவுக்கு ஒரு வள்ளம். நான்கு பேரும் கடலுக்குப் போகிறவர்களாக இருக்க வேண்டும், நான்கு கையெழுத்தும் வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும். ஓர் இடம் காலியாக இருந்தாலும் வள்ளம் வரிசையில் அடுத்த குழுவுக்குப் போய்விடும். எங்கள் தாளில் மிக்கேலின் மகன்கள் இரண்டு பேரும் முதல் நாளே கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். மீதி இரண்டு இடம், ததேயுவுக்கும் எனக்கும். "அவன் போடட்டும், அதுக்குப் பொறவு நான் போடுதேன்" என்று சொல்லித் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். மச்சினன்மேல் என்ன பாசம் என்று ஊரே மெச்சியது. நானும் மறுக்கவில்லை.

ததேயுவைத் தேடிப் போன முதல் நாள், மலையேறும்போதே எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. கடலில் ஆபத்து எந்தத் திசையிலிருந்தும் வரலாம், ஆனால் வருவது தெரியும். இங்கே ஒரு பக்கம் சுவர் மாதிரி மண், மறுபக்கம் ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாத பக்கம்தான் என் ஜன்னல். வளைவுக்கு வளைவு பஸ் தன் மூக்கை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியது. கம்பியை நான் பிடித்த பிடியைப் பார்த்துவிட்டுக் கண்டக்டர் சிரித்தார். "ஏனுங்க, அது கழண்டு வந்துரப் போவுது, கொஞ்சம் மெதுவாப் புடிங்க."

ஊட்டியில் கூடலூர் பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே ஏரி. மழை சற்று விட்டிருந்தது. ஆட்கள் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு படகில் உட்கார்ந்து, ஆட்டி, கூச்சல் போட்டு, சிரித்துக்கொண்டிருந்தார்கள். குளத்தைவிடச் சற்றுப் பெரியது அந்த ஏரி. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் மூச்சுப் பிடித்து அக்கரை போய்விடும். படகு ஒன்று ஒரு பக்கமாகச் சாய்ந்தது, ஒரு பெண் வீறிட்டாள், என் கால் தானாகப் பின்னால் போயிற்று.

டீக்கடைக்காரர் கேட்டார், "போட்டிங் போலீங்களா? டிக்கெட்டு அங்கதானுங்க குடுக்கறாங்க."

"எனக்கு நீச்சல் தெரியாதுங்க" என்றேன்.

"அட, சட்டை தருவாங்கங்க. ஒண்ணும் ஆவாது."

முப்பத்தைந்து வருடம் கடலில் கிடந்தவன், ஏரிக்கரையில் நின்று நீச்சல் தெரியாது என்கிறேன். டீயோடு வாங்கிய வர்க்கி பிஸ்கட்டைக் கடித்தேன். நல்ல வர்க்கி, மொறுமொறுப்பாகத்தான் இருந்திருக்கும். எனக்கு மண்ணாகத்தான் இருந்தது.

ஊட்டிக்கு அப்பால் மூடுபனி. டிரைவர் விளக்கைப் போட்டார், விளக்கில் பனிதான் தெரிந்தது, ரோடு தெரியவில்லை. எனக்குப் பின்னால் இரண்டு பேர் மலையாளத்தில் பேசிக்கொண்டு வந்தார்கள். குமரிக்காரனுக்கு மலையாளம் புரிந்து தொலைக்கும்.

"போன மழையில இந்த எடத்துலதான் பாதி ரோடு கீழ போச்சு" என்றார் ஒருவர்.

"மிச்சப் பாதி?" என்றார் மற்றவர்.

"அது இன்னும் இருக்கே. அதுலதானே போறோம்."

நடுவட்டத்துக்குக் கீழே மரம் ஒன்று ரோட்டில் விழுந்து கிடந்தது. பஸ்ஸிலிருந்தவர்கள் சலிப்பே இல்லாமல் இறங்கினார்கள். யாரோ அரிவாள் கொண்டுவந்தார், யாரோ கிளையை இழுத்தார், ஒரு அம்மாள் பையைத் திறந்து எல்லோருக்கும் வேகவைத்த கடலை கொடுத்தார். நான் மரத்தைப் பார்க்கவில்லை. மரம் நின்றிருந்த மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்து சிவப்பாகத் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

அன்று கூடலூரில் ஒரு லாட்ஜில் தங்கினேன். இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ததேயுவை அழைத்துவர நான் போகவில்லை. அவன் வரமாட்டான் என்று அவன் வாயாலேயே கேட்டுக்கொள்ளப் போனேன். அவன் மறுத்தால் வள்ளம் அடுத்த குழுவுக்குப் போகும், பழி அவன் தலையில் விழும், நான் கடலில் இறங்க வேண்டியதில்லை. புயலுக்குப் பிறகு முழங்கால் அளவுத் தண்ணீரில்கூட நான் நின்றதில்லை. வலை காயப்போட, கயிறு சுற்ற, ஆட்களோடு பேச என்று கரையிலேயே ஏதாவது வேலை தேடிக்கொள்வேன். இது யாருக்கும் தெரியாது. என் மனைவிக்குத் தெரியுமோ என்னவோ, அவள் கேட்கவில்லை.

இரண்டாம் நாள் தேவாலாவில் இறங்கியபோது மழை சாட்டை மாதிரி அடித்தது. எஸ்டேட்டுக்குப் போகிற ஜீப்பில் ஒன்பது பேர், ஒரு வாழைத்தார், ஒரு கோழி. பாதி வழியில் ஜீப் நின்றுவிட்டது, எல்லோரும் நடந்தோம். அட்டை ஏறியதை நான் கவனிக்கவில்லை. வெள்ளை வேட்டியில் ரத்தம் பார்த்த பிறகுதான் அலறினேன். கோழிக்காரர் உப்பு எடுத்துத் தடவி, "இதுக்கே இப்பிடியா?" என்று கேட்டார்.

தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒரு மண்பாதை. எதிரே வரிசையாகப் பெண்களும் ஆண்களும் மூட்டையோடு வந்துகொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் முன்னால், இருபது அடி தள்ளி, தனியாக ஒருவன். தலையில் பிளாஸ்டிக் தாள். நாலு எட்டு வைப்பான், நிற்பான், மூக்கைத் தூக்குவான், காது கொடுப்பான், மறுபடி நடப்பான். ததேயு!

நான் கூப்பிட வாயெடுப்பதற்குள் அவன் கையை உயர்த்தினான். பின்னால் இருந்த அத்தனை பேரும் நின்றார்கள். நானும் நின்றேன். ஒரு சத்தமும் இல்லை. பிறகு கீழே ஓடைப் பக்கம் மூங்கில் முறிந்தது. சாம்பல் நிற முதுகு ஒன்று செடிகளுக்கு மேலே நகர்ந்தது, அதன் பின்னால் இன்னொன்று, அதன் பின்னால் ஒரு குட்டி. அவை பாதையைக் கடந்து மறுபக்கம் இறங்கும்வரை யாரும் அசையவில்லை.

யானைகள் போன பிறகு ததேயு என்னைப் பார்த்தான். ஓடிவந்து கட்டிக்கொள்வான் என்று நினைத்தேன். "அத்தான்" என்றான், என் பையைப் பார்த்தான். தாள் அதில் இருப்பது அவனுக்குத் தெரிந்தது போலிருந்தது.

அந்தக் கூட்டத்தின் மேற்பார்வையாளர் பாக்கியம் என்கிற அம்மாள். ஐம்பது வயதிருக்கும். அப்பா காலத்தில் இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். அவர் என்னிடம் ததேயுவைக் காட்டிப் பெருமையாகச் சொன்னார்.

"ஏனுங்கண்ணா, எங்க டிவிசன்ல இவருதான் முன்னால போவாரு. ஆனை இருக்குதுன்னு மூணு தடவ சொல்லிட்டாரு. மூணு தடவயும் இருந்துச்சு."

"தைரியந்தான்" என்றேன்.

"அய்யோ, தைரியமா? எஸ்டேட்லயே பயந்தாங்கொள்ளி இவருதானுங்க. அதுனாலதான் முன்னால உட்டுருக்கோம். தைரியமானவன் ஆனைய மிதிச்சப்புறந்தான் பாப்பான். பயந்தவன் முன்னால போகணும், அதுதான் எங்க வழக்கம்." சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ததேயுவும் சிரித்தான். அவன் சிரித்து நான் பார்த்து எட்டு மாதமாகிறது.

அவர்கள் குடியிருப்பது இரண்டு வரிசை வீடுகள். கீழ் லயம், மேல் லயம் என்கிறார்கள். கீழ் லயத்தில் ததேயுவின் அறையில் ஏற்கனவே மூன்று பேர். எனக்கு மேல் லயத்தில் காலியாக இருந்த ஓர் அறையைப் பாக்கியம் திறந்துவிட்டார். முந்தி இருந்தவர்கள் விட்டுப்போன ஒரு பாய், ஒரு வாளி, மூலையில் ஒரு வெள்ளைக் கேன், அவ்வளவுதான்.

சாயங்காலம் பைக்கில் ஐஸ் பெட்டியோடு மீன்காரன் வந்தான். "மத்தி, மத்தி" என்று கூவினான். பார்த்தால் எங்கள் சாளை. செவுளைத் தூக்கிப் பார்த்தேன், மூன்று நாள் மீன். எங்கள் ஊரில் பூனைதான் தின்னும். ததேயு வாங்கி வந்து குழம்பு வைத்தான், கூட மரச்சீனிக் கிழங்கு, இங்கே அதற்குக் கப்பை என்று பெயர். ஊரில் தின்பதையே இங்கே வேறு பெயரில் தின்றோம். கடலை விட்டு ஓடி வந்தவன், கடல் பெட்டியில் ஏறி வீட்டு வாசலுக்கு வந்தால் வாங்கிக்கொள்கிறான். அதைச் சொல்லிக் கிண்டல் செய்யலாம் என்று வாய் வரை வந்தது, செய்யவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் விஷயத்தைச் சொன்னேன். வள்ளம், நான்கு பேர், வெள்ளிக்கிழமை. சாவு வீட்டில் பேசுகிற குரலில் சொன்னேன். வற்புறுத்தவில்லை.

"ஊருக்கு வாறியால?" என்றேன் கடைசியில்.

"வரல அத்தான்."

எனக்கு நிம்மதியாக இருந்தது. அடுத்த நொடியே வெட்கமாக இருந்தது. அவ்வளவு வெட்கத்திலும் அந்த நிம்மதி போகவில்லை. "சரி மக்கா, ஒன் இஷ்டம்" என்று எழுந்துவிட்டேன்.

மேல் லயத்துக்கு ஏறும்போது பாக்கியத்தின் கதவருகே ஒரு மூட்டை கண்ணில் பட்டது. ஊருக்குப் போகிறீர்களா என்று கேட்டேன். "இல்லீங்கண்ணா. ரேசன் கார்டு, ஆதாரு, புள்ளைங்க சர்டிபிகேட்டு. மழ மாசத்துல கதவுகிட்டயே வச்சிருப்போம். பின்னாடி மேட்டுல மண்ணு சரியற சத்தம் கேட்டா எடுத்துட்டு ஓடோணும்" என்றார். சொல்லிவிட்டு ஒன்றும் நடக்காதது போல அரிசி களைந்தார். அந்த மேட்டின் கீழேதான் நான் படுக்க வேண்டும். மழை தகரத்தில் விழுந்த சத்தம் அலை மாதிரி இருந்தது. கேனைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு படுத்தேன். ஏன் இழுத்து வைத்தேன் என்று அப்போது யோசிக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை, சரியாக விடியவில்லை, கதவுக்கு வெளியே ஒரு குரல்.

"பெரட்டு! பெரட்டு! பெரட்டு!"

எனக்கு அடுத்து நினைவிருப்பது, தேயிலைச் செடிக்குள் குப்புறக் கிடக்கிறேன், இரண்டு கையாலும் வெள்ளைக் கேனை நெஞ்சோடு அணைத்திருக்கிறேன், "மிக்கேலு, மிக்கேலு" என்று கத்துகிறேன். கதவைத் திறந்தது, வாசலைத் தாண்டியது, சரிவில் குதித்தது எதுவும் தெரியாது. சுற்றி ஆட்கள். யாரோ சிரித்தார்கள். "சிரிக்காதீங்க!" என்று பாக்கியத்தின் குரல் அதட்டியது.

அவர் செடிக்குள் இறங்கி என் பக்கத்தில் உட்கார்ந்தார். கேனை வாங்கப் பார்த்தார், நான் விடவில்லை. அவரும் விட்டுவிட்டார்.

"அண்ணா, பெரட்டுன்னா இங்க வேலைக்கு ஆள் சேக்கறதுங்க. காலைல அந்தக் களத்துல எல்லாரும் வந்து நிப்பாங்க, நான் பேரு கூப்புடுவேன், இருக்கேன்னு சொல்லோணும். அவ்வளவுதானுங்க. எங்க அப்பா காலத்துலருந்து அப்பிடித்தான் சத்தம் குடுக்கறோம்." வெள்ளைக்காரன் 'பரேடு' என்று சொன்னது தோட்டத்தில் பெரட்டு ஆகிவிட்டதாம், பிறகு ஒருவர் சொன்னார். எங்களுக்கு அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான், வள்ளம் கவிழ்வது.

பாக்கியம் மெதுவாகச் சொன்னார், "ததேயு தம்பி வந்த மொத வாரம் இதே மாதிரி ஓடுச்சு. ஓடைல போயி உழுந்துருச்சு. அதுலருந்து கீழ் லயத்துல நான் சத்தம் குடுக்கறதில்லீங்க. ஒவ்வொரு கதவா தட்டுவேன். மேல் லயத்துல மட்டுந்தான் கத்தறது. ஒருத்தருக்குத்தான் இப்பிடின்னு நெனச்சுட்டேன். உங்களுக்கும் இப்பிடியிருக்கும்னு எனக்குத் தெரியாதுங்களே."

ஏழு மாதமாக, ஊர் பேர் தெரியாத ஒருவனுக்காக, கொட்டுகிற மழையில் ஒரு பெண் கதவு கதவாகத் தட்டிக்கொண்டு போயிருக்கிறார். அதைக் கேட்டு நான் அழுதேன். பயத்தில் வராத அழுகை அப்போது வந்தது.

ததேயு கீழேயிருந்து ஓடிவந்தான். என்னைப் பார்த்தான், கேனைப் பார்த்தான். எல்லோரையும் போகச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அத்தான், அந்தத் தாள எடுங்க."

எடுத்துக் கொடுத்தேன். இரண்டு கையெழுத்து, இரண்டு காலி இடம்.

"ஒங்க கையெழுத்து எங்க?"

"நீ போட்டப் பொறவு..."

"அத்தான்."

அதற்கு மேல் பொய் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். ஏரியில் நீச்சல் தெரியாது என்றதைக்கூடச் சொன்னேன். அவன் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் ரொம்ப நேரம் தாளில் மேலே இருந்த இரண்டு கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மிக்கேலின் மகன்கள் அழுத்தி, பெரிதாக, கோட்டுக்கு வெளியே போகும்படி போட்டிருந்தார்கள்.

"அன்னைக்கு வானம் கறுத்தப்ப திரும்பிருவோம்னு நான் சொன்னேன், ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"நீங்களும் சொன்னிய. மிக்கேலண்ணன் என்ன சொன்னாவ?"

"இன்னொரு வலை போட்டுட்டுப் போவோம்னான்."

"நாம ரெண்டு பேரும் வாய மூடிட்டோம். பயந்தாங்கொள்ளின்னு சொல்லிருவாவளோன்னு." அவன் தாளை மடிக்கவில்லை. "இந்தப் பயலுவ ரெண்டும் அப்பனப் போலத்தான் அத்தான். நாம போடலைன்னா இவனுவ சும்மா இருப்பானுவளா? வேற எவன் வள்ளத்துலயாவது ஏறுவானுவ. அதுல இருக்கவன் எல்லாம் தைரியசாலியா இருந்தா? திரும்புன்னு சொல்ல அந்த வள்ளத்துல யாரு இருக்கா?"

பாக்கியத்தின் குரல் களத்தில் பெயர் கூப்பிடுவது மேலேயிருந்து கேட்டது. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு "இருக்கேன்".

"தைரியமானவன் வந்து கூப்ட்டிருந்தா நான் வந்திருக்க மாட்டேன்" என்றான் ததேயு. "நீங்க இவ்வளவு பயந்திருக்கியன்னு நேத்தே சொல்லியிருந்தா நேத்தே வந்திருப்பேன்."

உடனே கையெழுத்துப் போட்டுவிடுவான் என்று நினைத்தேன். போடவில்லை. அன்று முழுக்க மூட்டை சுமந்தான், வரிசைக்கு முன்னால் நடந்தான். சாயங்காலம் பாக்கியத்திடம் போய், கணக்கு முடித்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, இன்னொன்றும் கேட்டான்.

"அக்கா, நாளைக்குக் காலைல எங்க லயத்துலயும் சத்தம் குடுங்க."

பாக்கியம் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அன்று அவன் அறையிலேயே நாலாவது ஆளாக இடுக்கிக்கொண்டு படுத்தேன்.

நான்காம் நாள் விடியும் முன்பே இருவரும் எழுந்து கதவுக்கு உள்ளே நின்றோம். மழை விட்டிருந்தது. பாக்கியத்தின் செருப்புச் சத்தம் படியில் இறங்கி வந்தது. ததேயு என் கையைப் பிடித்தான். அவன் கை ஈரமாக இருந்தது, அல்லது என் கை.

"பெரட்டு" என்றார் பாக்கியம். கத்தவில்லை, வாசலில் நின்று சொன்னார். பிறகு இன்னும் கொஞ்சம் சத்தமாக. பிறகு, இரக்கமே இல்லாமல், வழக்கமான குரலில்: "பெரட்டு! பெரட்டு!"

எனக்குக் கண் இருட்டியது. உப்புத் தண்ணீர் மூக்கில் ஏறியது, சத்தியமாக ஏறியது. மிக்கேலின் முகம் வந்தது. கால் ஓடப் பார்த்தது. ததேயுவின் நகம் என் உள்ளங்கையில் பதிந்தது, அவனும் ஓடவில்லை. ஒரு நிமிடம் இருக்கும், அதற்குள் தரை தரையாகவே இருப்பது தெரிந்தது.

கதவைத் திறந்தோம். களத்தில் எல்லோரும் நின்றிருந்தார்கள். பாக்கியம் புத்தகத்தைப் பிரித்தார்.

"ததேயு!"

"இருக்கேன்."

அவர் புத்தகத்தில் இல்லாத பெயர் ஒன்றையும் கூப்பிட்டார். "லாரன்சு அண்ணா!"

"இருக்கேன்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன்.

அந்தப் புத்தகத்தின் மேலேயே தாளை வைத்து ததேயு கையெழுத்துப் போட்டான். பேனாவை என்னிடம் கொடுத்தான். போட்டேன்.

இறங்குகிற பஸ்ஸில் பள்ளத்துப் பக்க ஜன்னலில் அவன் உட்கார்ந்துகொண்டான். வளைவு வரும்போதெல்லாம் டிரைவருக்கு முன்னால் அவன்தான் எட்டிப் பார்த்தான். நான் தாளை எடுத்துப் பார்த்தேன். மிக்கேலின் மகன்களுடைய பெரிய கையெழுத்துகளுக்குக் கீழே எங்கள் இரண்டும் நடுங்கி, கோணி, மழையில் நனைந்த எறும்பு மாதிரி கிடந்தன.

"கமிட்டில கேட்டா, பஸ்ஸு ஆட்டத்துல போட்டதுன்னு சொல்லிக்கிடலாம் அத்தான்" என்றான் ததேயு.

"வேண்டாம்ல" என்றேன். "பயத்துல போட்டதுன்னே சொல்லுவோம்."